லாபம், ரெண்டு, மூணு

சங்கத்தின் ஆண்டு மலருக்குப் பயணக் கட்டுரை ஒன்று கேட்டார்கள். நாம் அனுப்பிய பணம் எப்படிப் பசி தீர்த்தது என்று நாலு பக்கம், நடுவே சிரிக்க இரண்டு சம்பவம், முடிவில் நன்றி. இவ்வளவுதான் வேண்டுமாம். சிரிக்கச் சம்பவம் இருக்கிறது. சிரிப்புக்கு ஆளானவன் நான். அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து நான் எழுதிய கடிதத்தை இங்கே பினாங்கில் கூட்டத்தில் வாசித்திருக்கிறார்கள். திருட்டைக் கண்டுபிடித்தேன் என்று கைகூடத் தட்டினார்களாம். அதற்குப் பிறகு விட்டுவிட முடியாது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் பினாங்குத் துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிறவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளுக்கு ஐந்தைந்தாகக் கோடு போடுவது என் பிழைப்பு. என்னை வேலைக்குப் பழக்கிய சீன மேற்பார்வையாளர் முதல் நாளே மலாயில் ஒன்று சொன்னார். மூட்டை தூக்குகிறவன் சத்தமாக எண்ணிக்கொண்டே வருவான், அதைக் காதில் வாங்காதே, உன் கண்ணால் எண்ணு என்றார். பத்து வருடமாக அப்படித்தான் எண்ணுகிறேன். சங்கத்தார் என்னைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுதான் காரணம்.

இந்த எண்பதுகள் பிறந்ததிலிருந்தே தமிழ்நாட்டில் வறட்சி. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் தொடர்ந்து மழை பொய்த்து, கூலி வேலை அடியோடு நின்று போயிருந்தது. அங்கே ஒரு நிவாரணக் குழு கஞ்சித் தொட்டி வைக்காமல் வேறு வழி கண்டுபிடித்திருந்தது. வேலை இழந்த குடும்பத்துக்கு வாரம் ஒரு டோக்கன். அதை வாரச்சந்தைக்குக் கொண்டுபோனால் மூன்று படி தானியமும் ஒரு கூறு காய்கறியும் வாங்கிக்கொள்ளலாம். கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்த விவசாயிகள்தான் விற்பவர்கள். அவர்கள் டோக்கனைக் குழுவிடம் கொடுத்துக் காசாக்கிக்கொள்வார்கள். பசித்தவரும் பிழைப்பார், விளைவித்தவரும் பிழைப்பார். நல்ல ஏற்பாடு என்று நம் சங்கம் பணம் திரட்டி அனுப்பியது. அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து வர என்னையும் அனுப்பியது. கிளம்பும்போது சங்கத்தார் சொன்னதெல்லாம் ஒரே பாட்டுத்தான். அங்கே ஆளாளுக்கு அள்ளிக்கொண்டு போவார்கள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார் என்றார்கள். நானும் விட்டுக்கொண்டுதான் போனேன்.

முதல் நாள். திருச்சியிலிருந்து பெரம்பலூருக்குப் பஸ். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டது பத்து நிமிடம்தான். உள்ளே வந்தது காற்று இல்லை, அடுப்பிலிருந்து வரும் அனல். எங்கள் தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை கண்ணை அடைக்கும். இங்கே வானம் முடியும் வரை ஒரே பழுப்பு. பருத்திச் செடிகள் குச்சியாக நின்றன. எருக்கு மட்டும் செழிப்பாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மடியில் ஒரு சேவல். அது என் சட்டைப் பொத்தானைத் தானியம் என்று நினைத்துக் கொத்திக்கொண்டே வந்தது. அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பசி எல்லாருக்கும் பொதுதானே.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டேன். நம் ரொட்டி சானாய்க்கு இது அண்ணன் முறை. உடம்பு கனம், கோபமும் அதிகம். சால்னாவைக் கேட்காமலே மேலே ஊற்றிவிட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது. கல்லாவில் இருந்தவர் என் பேச்சைக் கவனித்துவிட்டு, சிலோனா என்று கேட்டார். பினாங்கு, மலேசியா என்றேன்.

“அங்கயும் தமிழ் பேசுவாங்களா? ஆனா உங்க தமிழு நம்ம தமிழு இல்லீங்க” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று தலைமுறையாக அயல்நாட்டில் காப்பாற்றி வைத்திருக்கும் தமிழ் எங்களுடையது. பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவன் நான். பரோட்டாக் கடைக்காரர் எனக்குத் தமிழ் சொல்லித் தருகிறாரா என்று மனதுக்குள் பொருமிக்கொண்டே கை கழுவினேன். அந்தப் பொருமலுக்கு அதே வாரம் பதில் கிடைத்தது.

குழுவின் செயலாளர் பெயர் சண்முகம். நாற்பது வயது இருக்கும். உரக்கடை வைத்திருந்தார். மழை இல்லாத ஊரில் உரம் யார் வாங்குவார்கள்? கடையைத் திறந்து வைத்துக்கொண்டு குழு வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனதும் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்தார். வேண்டாம் என்று சொன்னேன், ஆனால் உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கட்டுரையில் நான் செய்த பல காரியங்கள் இந்த மாதிரிதான்.

இரண்டாம் நாள், பெரம்பலூர்ச் சந்தை. காலையிலேயே புழுதி கிளம்பிவிட்டது. டோக்கன் வாங்கும் கடைகளுக்கு அடையாளமாக வெள்ளைப் பெயின்டில் எண் எழுதிய தகரப் பலகை தொங்கும். அந்தப் பலகை எல்லாருக்கும் கிடைக்காது, நாணயமானவர் என்று குழு முடிவு செய்தால்தான் தருவார்கள் என்று சண்முகம் சொன்னார். மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம், முற்றிய கத்தரிக்காய், வாடிய அவரை என்று கூறு கூறாக வைத்திருந்தார்கள். கூறுகள் சின்னதாக இருந்தன. வாங்குகிறவர்கள் பேரம் பேசவில்லை. டோக்கனைக் கொடுக்கும்போது சிலர் கையைப் பாதி மூடிக்கொண்டே கொடுத்தார்கள்.

மிக நீளமான வரிசை ஒரு அம்மாளின் முன்னால் நின்றது. பெயர் மருதாயி. பூலாம்பாடியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர். தன் வீட்டுக் கம்போடு இன்னும் நாலு வீட்டுத் தானியத்தையும் இவரே கொண்டுவந்து அளந்து விற்கிறார் என்று சண்முகம் சொன்னார். நாற்பத்தைந்து வயதிருக்கும். காலை மடக்கி உட்கார்ந்து, இரும்புப் படியில் கம்பை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். மற்றக் கடைகளில் வரிசை இல்லாதபோது இங்கே மட்டும் ஏன் இவ்வளவு கூட்டம் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. மற்றக் கடைகளில் கூறு சின்னதாக இருந்ததைப் பார்த்து வராத சந்தேகம் இதைப் பார்த்து வந்தது.

நான் அவருக்குப் பின்பக்கம் போய் நின்றேன். முன்னால் நின்றால் உஷாராகிவிடுவார் என்று எண்ணம். அங்கிருந்து அவர் முதுகும் வலது கையும்தான் தெரிந்தன. படி எங்கே கவிழ்கிறது என்பதை வரிசையில் நின்ற பெண்களின் சேலைகள் மறைத்தன. ஆனால் குரல் தெளிவாகக் கேட்டது.

“லாபம்… ரெண்டு… மூணு.”

அடுத்த ஆள் வந்தார். மறுபடியும் “லாபம்… ரெண்டு… மூணு.” லாபம் என்று சொல்லும்போதெல்லாம் அவர் கை ஒரு முறை தன் மூட்டைப் பக்கம் திரும்பி வந்தது.

முதல் படியை லாபம் என்று தனக்குத் தள்ளிக்கொள்கிறார், பிறகு இரண்டு, மூன்று என்று தொடர்ந்து எண்ணிக் கணக்கைச் சரிக்கட்டுகிறார், டோக்கன்காரருக்கு இரண்டு படிதான் போகிறது. இப்படி நான் முடிவு கட்டிவிட்டேன். அதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்கிறாரே, எவ்வளவு துணிச்சல் என்று வேறு நினைத்தேன். நாலடி முன்னால் போய்ப் பார்த்திருந்தால் போதும். என் தொழிலே அதுதான். நான் போகவில்லை. ஏழு பேருக்கு அவர் அளந்ததைக் காதால் எண்ணிவிட்டுச் சண்முகத்திடம் வந்தேன்.

அவரிடம் நான் ‘லாபம்’ என்ற சொல்லைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். முதல் படியைத் தனக்கு எடுத்துக்கொள்கிறார், நானே பார்த்தேன், நானே கேட்டேன் என்று பெரிய மனிதர் தோரணையில் சொன்னேன். சண்முகம், மருதாயியா, நன்றாகப் பார்த்தீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். பத்து வருடமாகத் துறைமுகத்தில் எண்ணுகிறவன், எனக்கு எண்ணச் சொல்லித் தர வேண்டாம் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பணம் அனுப்புகிறவர்களின் ஆள் நான். என்னோடு வாதாடினால் அடுத்த மாத டோக்கன் நின்றுவிடுமோ என்று பயந்திருக்கிறார். இதைப் பிறகு அவரே சொன்னார்.

அவர் போய்த் தகரப் பலகையை அவிழ்த்தார். மருதாயி கையில் படியோடு நிமிர்ந்து பார்த்தார். வெளிநாட்டு சார் பார்த்துவிட்டார், அளவில் தப்பு நடக்கிறதாம் என்று சண்முகம் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். மருதாயி என்னைத் தேடிப் பார்த்தார்.

“என்னங்க பாத்தீங்க?” என்று கேட்டார்.

நான் சொன்ன பதில் இது: “என்ன பார்த்தேன் என்று உங்களுக்கே தெரியும்.”

இந்த வாக்கியத்தை எழுதவே கை கூசுகிறது. மேடையில் பேசுகிற மாதிரி நிறுத்தி நிதானமாக அதைச் சொன்னேன். மருதாயி படியைக் கம்புக் குவியலின் மேல் கவிழ்த்து வைத்தார். வரிசை கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து வேறு கடைக்குப் போனது. ஒரு கிழவி மட்டும் பையை விரித்தபடி நின்றுகொண்டே இருந்தாள். பிறகு அவளும் போனாள். மாலையில் விமானக் கடிதத் தாள் வாங்கி, நெருக்கி நெருக்கி எழுதி, சங்கத்துக்குத் தபாலில் போட்டேன். மருதாயி பெயரை, ஊரோடு சேர்த்து எழுதியிருந்தேன். அன்றைக்கு இட்லி நன்றாக இறங்கியது.

மூன்றாம் நாள் குரும்பலூர். டோக்கன் வாங்கும் குடும்பங்களைப் பார்க்கச் சண்முகம் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போனார். எதிர்க்காற்று. அவர் பெடலை அழுத்த அழுத்த மூச்சு வாங்கியது. நான் பின்னால் ராஜா போல உட்கார்ந்திருந்தேன். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். சொம்பின் அடியில் கொஞ்சம் மண் தங்கியிருந்தது. குடித்த மாதிரி பாவனை செய்துவிட்டுக் கீழே வைத்தேன். அந்த வீட்டு அம்மாள் அதைக் கவனித்தார். மிச்சத் தண்ணீரைக் கொட்டாமல் அப்படியே பானையில் ஊற்றிக்கொண்டார்.

நேற்று எல்லாம் சரியாகக் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது, ஆனால் மருதாயி இல்லாததால் வேறு கடையில் வாங்க வேண்டியதாகிவிட்டது என்றார். அந்தக் கடைக்காரர் படியைத் தலைதட்டி அளக்கிறாராம். மருதாயி என்றால் கோபுரம் மாதிரி குவித்துத்தான் போடுவார், மூன்று படி என்றால் வீட்டுக்கு வந்து அளந்தால் மூன்றரை இருக்கும், பிள்ளைகளுக்கு ஒரு வேளைக் கூழ் அதிலேயே ஓடிவிடும் என்று சொன்னார்.

அந்த இடத்திலாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். லேசாக ஏதோ உறுத்தியது. தலைதட்டி அளப்பதுதான் சரியான அளவு என்று ஒரு விளக்கம் கொடுத்து அந்த உறுத்தலை அமுக்கினேன். சண்முகம் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் அரியலூர். அங்கேயும் சந்தையில் இதே டோக்கன். சண்முகத்துக்கு வேலை இருந்ததால் தனியாகப் பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர், பெயர் ஜமால். துபாயில் கொத்தனார் வேலை. தங்கை கல்யாணத்துக்கு லீவில் வந்திருந்தார். அரியலூரில் ஒரு சமையல்காரரைப் பிடிக்கப் போகிறார். இரண்டு பேரும் வெளியூர்ச் சோறு தின்கிறவர்கள் என்பதால் சீக்கிரம் ஒட்டிக்கொண்டோம். எங்கள் ஊர் மழையைச் சொன்னேன். துபாயில் கடல் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்றார். நம்ப முடியாமல் சிரித்தேன்.

பாதி வழியில் பஸ்ஸின் மூக்கிலிருந்து புகை. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. டிரைவர் குடத்தோடு போன இரண்டு பெண்களிடம் தண்ணீர் கேட்டார். குடிக்கவே இல்லை, உன் பஸ்ஸுக்கு ஊற்றுவதா என்று கேட்டுவிட்டு அவர்கள் நிற்காமல் போனார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பரிதாபமாக எங்களைப் பார்த்தார். பிறகு பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி, கொண்டுவந்த தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினார்கள். ஒருவர் டப்பாவிலிருந்து, ஒருவர் தூக்குவாளியிலிருந்து. ஜமால் தன் புட்டியை முழுதாகக் கவிழ்த்தார். என்னிடம் ஒரு பெரிய ஃபிளாஸ்க் நிறையக் காய்ச்சி ஆறிய தண்ணீர் இருந்தது. வயிறு கெட்டுவிடும் என்று லாட்ஜில் தனியாகச் சொல்லிக் கொண்டுவந்தது. அதைக் காலால் மெல்ல சீட்டுக்கு அடியில் தள்ளினேன். ஜமால் அதைப் பார்த்தாரா என்று இன்று வரை தெரியாது. பார்த்திருந்தால் காட்டிக்கொள்ளவில்லை. அரியலூரில் இறங்கியதும் டீக்கடையில் என் டீயும் சேர்த்து அவரே சொன்னார்.

சமையல்காரர் மதியம்தான் வருவார் என்பதால் ஜமாலும் என்னோடு சந்தைக்கு வந்தார். செம்மண்ணும் சுண்ணாம்புத் தூளும் கலந்த புழுதி. வெளிர் சிவப்பாக எல்லார் கணுக்காலிலும் ஏறியிருந்தது. ஒரு தகரப் பலகைக்குக் கீழே, தலையில் துண்டு கட்டிய ஒருவர் வரகு அளந்துகொண்டிருந்தார். கைப்பிள்ளையோடு ஒரு பெண் பையை விரித்துப் பிடித்திருந்தாள். இந்த முறை கூட்டம் இல்லை. நான் நேர் எதிரே நின்றேன்.

“லாபம்” என்றார் அவர். படி அவள் பைக்குள் கவிழ்ந்தது. விரல் நுனியில் நாலு மணியை எடுத்துத் தன் குவியல் பக்கம் போட்டார். “ரெண்டு.” கவிழ்ந்தது. “மூணு.” அதுவும் கவிழ்ந்தது.

மூன்று படி. மூன்றும் பைக்குள். மருதாயியின் கை மூட்டைப் பக்கம் போய் வந்ததும் அந்த நாலு மணிக்குத்தான்.

முதல் படியை என்ன சொல்லி அளந்தீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். ஜமால்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“இது தெரியாதாண்ணே? ஒண்ணுன்னு ஆரம்பிக்க மாட்டாங்க. மொதப் படிய லாபம்னுதான் எண்ணணும். எங்கம்மா நோன்புக் கஞ்சிக்கு அரிசி அளந்தாக்கூட லாபம், ரெண்டுன்னுதான் போடுவாங்க.”

“யாருக்கு லாபம்?” என்று கேட்டேன்.

வரகுக்காரர் படியைத் தட்டிக்கொண்டே, “ரெண்டு பேருக்குந்தாங்க. விக்கிறவனுக்கும் வரணும், வாங்குறவங்க வூட்லயும் தங்கணும்” என்றார்.

அந்தக் கைப்பிள்ளைக்காரி பையின் வாயைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்தேன். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று ஜமால் பயந்து சோடா வாங்கி வந்தார். நடந்ததை அவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. சோடாப் புட்டியை என் கையில் வைத்துவிட்டு, அந்த அம்மா வீடு எங்கே என்று மட்டும் கேட்டார். பூலாம்பாடி என்றேன். அப்படியானால் இங்கே ஏன் அண்ணே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றார். அடுத்த பஸ்ஸுக்கு அவரே ஏற்றிவிட்டார்.

உரக்கடையில் சண்முகத்திடம் சொன்னேன். லாபம் என்று எண்ணியதையா சொன்னீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

“உங்கள என்ன சொல்றது சார். நீங்க வெளியூரு. நான் இந்த ஊர்க்காரன், என்ன பாத்தீங்கன்னு ஒரு வார்த்த சரியா கேட்டிருக்கணும். பணம் நின்னுடுமோன்னு கேக்காம வுட்டுட்டேன்” என்றார்.

வெட்கத்தைப் பங்கு போட்டுக்கொள்ள அவர் தயாராக இருந்தது என்னை இன்னும் சிறியவனாக்கியது.

ஐந்தாம் நாள் இருவரும் பூலாம்பாடி போனோம். மலை தெரிகிற ஊர். மருதாயி கிணற்றடியில் கத்தரிச் செடிகளுக்குக் குடத்தால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், செடிக்கு ஒரு கை. எங்களைப் பார்த்ததும் வாங்க என்று வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் கணவர் காலில் அடிபட்டுக் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார். சுவரோரம் ஐந்து மூட்டைகள் சாத்தியிருந்தன. போன சந்தையிலிருந்து விற்காமல் திரும்பி வந்தவை. நாலு வீட்டுக்காரர்களும் தங்கள் மூட்டையை இன்னும் வந்து எடுத்துப் போகவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று மருதாயியிடம் சண்முகம் கேட்டார்.

“அளந்து பாத்துட்டு எடுத்துக்கிறோம்னு சொல்லியிருக்காங்க. இருவது வருசமா அளக்காம எடுத்துட்டுப் போனவங்க” என்றார். சொல்லும்போது குரல் மாறவில்லை, சேலைத் தலைப்பை மட்டும் இழுத்துச் செருகிக்கொண்டார்.

நான் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். பின்னால் நின்றது, முன்னால் வராதது, காதால் எண்ணியது எல்லாவற்றையும். பினாங்குக்குக் கடிதம் எழுதியதையும் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கைகூப்பினேன். கட்டிலில் இருந்த கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருதாயி உள்ளே போய் இரண்டு கும்பாவில் கம்மங்கூழும் சின்ன வெங்காயமும் கொண்டுவந்து வைத்தார். எங்கள் ஊரில் நான் சாப்பிட்டிருக்கிற எந்த விருந்தும் அந்தக் கூழைப் போல் தொண்டையில் நின்றதில்லை. ருசி இல்லாமல் அல்ல. புளிப்பும் குளிர்ச்சியுமாக நன்றாகவே இருந்தது.

கையோடு பினாங்கிலிருந்து கொண்டுபோன தைலப் புட்டி ஒன்றைக் கொடுத்தேன். மறுப்பார் என்று நினைத்தேன். வாங்கிக் கணவரின் தலைமாட்டில் வைத்தார். பிறகு எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

“தெரியாம சொல்லிட்டீங்க, சரி. இங்க வந்து சொன்னா யாருக்குத் தெரியும்? சந்தையில சொன்னீங்க. சந்தையிலயே சொல்லுங்க.”

சொல்கிறேன் என்றேன். இந்தக் கட்டுரையும் அதில் சேர்ந்ததுதான். உங்கள் நடுவில் அவரைத் திருடி என்று சொன்னேன். அவர் திருடவில்லை என்று உங்கள் நடுவிலேயே சொல்கிறேன். அந்தக் கடிதம் சங்கத்துக் கோப்பில் இருந்தால் இதையும் அதோடு சேர்த்துத் தைத்து வையுங்கள்.

அடுத்த சந்தை வரை ஊரில் தங்கினேன். அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தினமும் அதே கடையில் பரோட்டா தின்றேன். கல்லாக்காரரிடம் ஒரு நாள், உங்கள் ஊரில் எண்ணும்போது ஒன்றுக்குப் பதில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். லாபம் என்றார், எச்சில் கையோடு இருந்த ஒரு சின்னப் பெண்ணும் அதையே சொன்னாள். அவர் சொன்னது சரிதான். என் தமிழ் அவர்கள் தமிழ் இல்லை.

சந்தை நாள் வந்தது. சண்முகம் வெள்ளைப் பெயின்ட் புதிதாக அடித்து எண் எழுதிய பலகையை மருதாயி கடைக்கு மேலே தன் கையாலேயே கட்டினார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேச வேண்டுமே, என்ன செய்வது என்று பார்த்தோம். வயிற்றுப் பூச்சி மருந்து விற்கிற ஒருவர் பேட்டரி மைக் வைத்துக் கூவிக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சாடிகளில் நீளமும் குட்டையுமாகப் பூச்சிகள் மிதந்தன. சண்முகம் போய்க் காதில் ஏதோ சொன்னார். அவர் கூட்டத்தைப் பார்த்து, “இப்ப ஃபாரின் சார் ஒருத்தரு பேசுவாரு, யாரும் போயிடாதீங்க, மருந்து அப்புறம்” என்று அறிவித்துவிட்டு மைக்கை என்னிடம் நீட்டினார்.

பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவன் நான் என்று முன்பே சொன்னேன். பூச்சிச் சாடிகளுக்கு நடுவில் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. கடைசியில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன்:

“போன சந்தையில் மருதாயி அம்மாள் அளவில் தப்பு செய்கிறார் என்று நான் சொன்னேன். அது பொய். அவர் லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணினார். முதல் படியைத் தன் லாபமாக எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்துவிட்டேன். நான் பார்க்கவே இல்லை. பார்க்காமல் சொன்னேன்.”

பிறகு எங்கோ ஒருவர் சிரித்தார். அவ்வளவுதான், சந்தை முழுக்கச் சிரிப்பு பரவியது. வெங்காயக் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லாபத்தை லாபம் என்று நினைத்துவிட்டாராம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பில் ஒரு துளிக்கூடப் பகை இல்லை. அறியாப் பிள்ளை என்று மன்னித்துவிட்ட சிரிப்பு. பூலாம்பாடி மூட்டைக்காரர்கள் நாலு பேரும் சிரித்தபடியே மருதாயி கடைக்குப் போய், அவர் வண்டியில் வந்திருந்த தங்கள் மூட்டைகளை விற்க இறக்கி வைத்தார்கள். அளந்து பார்க்கவில்லை.

மருதாயி சிரிக்கவில்லை. என் பக்கம் ஒரு முறை தலையை அசைத்தார். சொன்னதைச் செய்துவிட்டீர்கள் என்பது போல. பிறகு சாக்கை விரித்துக் காலை மடக்கி உட்கார்ந்தார். வரிசை நின்றது. முதலில் நின்றவள் போன வாரம் கடைசி வரை பையை விரித்துக்கொண்டு நின்ற அந்தக் கிழவி. நான் நேர் எதிரே போய் நின்றேன்.

மருதாயி படியைக் கம்புக்குள் அழுத்தி, குவித்து எடுத்தார். பைக்குள் கவிழ்த்தார்.

“ஒண்ணு” என்றார்.

கிழவி பையை இறக்கிவிட்டாள். “என்னடி மருதாயி, ஒண்ணுங்கிற? லாபம்னு சொல்லுடி. எம் பேத்தி வயித்துல அடிக்காத.”

மருதாயி படியை மறுபடி கம்புக்குள் அழுத்தினார். உதடு ஒரு முறை அசைந்தது.

“சொல்ல வரல ஆயா. தொண்டையிலயே நிக்கிது” என்றார். “பைய நல்லா விரிச்சுப் புடி.”

ரெண்டு. மூணு. மூன்று படியும் கோபுரமாகக் குவிந்துதான் விழுந்தன. இந்த முறை நான் எண்ணினேன்.